பழைய ஜன்னலும் புதிய வீடும்

சென்ற கோடையில் ஒரு நாள் பிற்பகல் நமது காரியாலயத்துக்கு நண்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். திருவல்லிக்கேணியில் சிறியதோர் அச்சுக்கூடம் வைத்து முப்பது வருஷ காலமாக நடத்தி வருகிறவர். வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கையில் ஒரு பழைய பிஸ்கோத்து டப்பா இருந்தது. பட்சணம் ஏதோ கொண்டு வந்திருக்கிறார் என்று நாம் எண்ணி ஏமாந்தோம். மூடியைத் திறந்தால் உள்ளே 43 ஸி.டி. தட்டுகள்!

"கம்ப்யூட்டர் போய்விட்டது, ஸார்!" என்றார். நெருங்கிய பந்து ஒருவர் காலமானதைச் சொல்லும் குரல் அது.

"போனால் போகிறது; புதிதாக ஒன்று வாங்கி விடுவதுதானே?" என்றோம்.

"வாங்கி விட்டேன். அதுதான் இப்போது தொல்லை!" என்றார்.

விஷயம் இதுதான். 2004-ஆம் வருஷத்தில் அவர் வாங்கிய யந்திரத்தில் விண்டோஸ் எக்ஸ்பி இருந்தது. அதன் மீது பேஜ்மேக்கர் 7 என்னும் பக்கம் கட்டும் புரோகிராம். அதனுடன் ஒரு தமிழ் எழுத்துருப் பெட்டகம். 2012 வரையில் அவருடைய அச்சுக்கூடத்தில் வெளியான புஸ்தகங்கள் எல்லாம் அந்த மூன்றின் கூட்டுறவால் உருவானவை. வேலை முடிந்ததும் ஒவ்வொரு புஸ்தகத்தையும் ஸி.டி.யில் பதிந்து பிஸ்கோத்து டப்பாவில் போட்டு வைத்து வந்தார். பிறகு வேறு யந்திரங்களும் வேறு முறைகளும் வந்துவிட்டன. ஆனால் பழைய புஸ்தகத்துக்கு மறுபதிப்பு வேண்டுமென்று யாராவது கேட்டால், மூலையில் இருந்த அந்தக் கிழ யந்திரத்தைத்தான் எழுப்புவார். சென்ற கோடையில் அது எழுந்திருக்கவில்லை. மதர்போர்டிலுள்ள சிறு கண்டென்ஸர்கள் உப்பி வெடித்துப் போயிருந்தன. அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றுக்கு அதுவே மரண காரணம்.

இதே சமயத்தில் ஒரு பெண்மணி அவரிடம் வந்திருக்கிறார். அவருடைய தகப்பனார் பள்ளி ஆசிரியராக இருந்தவர்; ஓய்வு பெற்ற பிறகு தம் ஊரின் ஏரி, கோயில், தெருக்கள், குடும்பங்கள் எல்லாவற்றின் வரலாற்றையும் தேடித் தேடி எழுதி, 2006-இல் நமது நண்பரிடம் 500 பிரதிகள் அச்சிட்டுக் கொண்டார். அவர் இப்போது இல்லை. வீட்டில் மிஞ்சியிருப்பவை இரண்டே பிரதிகள்; அவற்றில் ஒன்றைக் கறையான் பாதி தின்றுவிட்டது. மகளுக்கு மறுபதிப்புக் கொண்டுவர ஆசை. 412 பக்கங்களையும் மறுபடி டைப் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் அந்த மனிதர் மூன்று முறை புரூப் பார்த்து, பட்டா எண் முதல் பாட்டியின் பெயர் வரையில் திருத்தித் திருத்திக் கொடுத்தவர். மறுபடி டைப் செய்தால் புதுப் பிழைகள் ஆயிரம் புகும். அவற்றைக் கண்டுபிடிப்பதற்கு அவர் வரமாட்டார்.

புது யந்திரத்தில் அந்தப் பைல்கள் திறக்காதா? திறக்கவில்லை. புதிய லே-அவுட் புரோகிராம்கள் பேஜ்மேக்கர் பைலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கொள்கின்றன. எப்படியோ உள்ளிருக்கும் வாசகத்தை மட்டும் பிடுங்கி எடுத்தாலும், கிடைப்பது தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்த ஒரு கூட்டு. காரணம், அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய 256 இடங்களில் குடிக்கூலிக்கு இருந்தவை. எந்த இடத்தில் 'ம', எந்த இடத்தில் 'ணி' என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 1999-இல் சென்னையில் நடந்த மகாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசாங்கம் டாம், டாப் என்று பொது ஏற்பாடுகள் செய்தது; 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றது. ஆனால் அதற்குள் லட்சக் கணக்கான பக்கங்கள் பழைய முறைகளில் கோக்கப்பட்டு விட்டன. அவற்றைத் திறக்கும் சாவி பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு இயங்கும் இடம் பழைய விண்டோஸ். ஆகவே, நமது நண்பர் எக்ஸ்பியைத் தேடுவது பழமையின் மீதுள்ள மோகத்தால் அல்ல.

அவரிடம் எக்ஸ்பியின் அசல் தட்டு பத்திரமாக இருந்தது. அதைப் புது யந்திரத்தில் போட்டுப் பார்த்தார். யந்திரம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இதன் காரணத்தைச் சிறிது விவரிக்க வேண்டும்.

விண்டோஸ் எக்ஸ்பி விற்பனைக்கு வந்தது 2001 அக்டோபர் 25-ஆம் தேதி. அன்றைய தினம் உலகில் என்னென்ன உறுப்புக்கள் இருந்தனவோ அவற்றோடு பேசும் பாஷை மட்டுமே அந்தத் தட்டில் உண்டு. ஒவ்வோர் உறுப்போடும் பேசுவதற்கு ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷிக்கு இத்தொழிலில் டிரைவர் என்று பெயர். புது உறுப்புக்குப் புதுத் துபாஷி. புது உறுப்புச் செய்கிற கம்பெனிகளோ பழைய விண்டோஸுக்கென்று துபாஷி எழுதுவதை என்றைக்கோ நிறுத்திவிட்டன.

அன்றியும் வாசற்படியே மாறிவிட்டது. யந்திரம் கண் விழித்ததும் முதலில் ஓடும் பயாஸ் என்னும் சிறு புரோகிராமின் இடத்தில் இப்போது யூஇஎப்ஐ வந்திருக்கிறது. பழைய விண்டோஸ்களும் நுழையட்டும் என்று சில காலம் ஒரு கொல்லைப்புற வழியை வைத்திருந்தார்கள். 2020-க்குள் அதை அடைத்துவிடுவதாக இண்டெல் கம்பெனி 2017-இலேயே அறிவித்தது. நமது நண்பர் வாங்கிய யந்திரத்தில் கொல்லைப்புறம் கிடையாது. தட்டு வெளியிலேயே நின்றுவிட்டது.

நமது காரியாலயத்தில் 2009-இல் வாங்கிய யந்திரம் ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதில் போட்டுப் பார்ப்போம் என்றோம். தட்டு சுழன்றது, எழுத்துக்கள் ஓடின, நண்பருடைய முகம் மலர்ந்தது. மறு நிமிஷம் திரை முழுவதும் நீலமாயிற்று. வெள்ளை எழுத்தில், 7பி என்று முடிகிற ஓர் எண். எக்ஸ்பியோடு பழகியவர்களுக்கு அந்த எண் பரிச்சயமானது: "என்னுடைய ஹார்ட் டிஸ்க் எங்கே என்று தெரியவில்லை" என்பது அதன் பொருள். ஹார்ட் டிஸ்க் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது ஏஎச்ஸிஐ என்னும் புது முறையில் பேசுகிறது. எக்ஸ்பிக்கு அது புரியாது.

இதற்கு எக்ஸ்பியே ஒரு பரிகாரம் சொல்கிறது. ஆரம்பத்தில் எப்6 என்ற பொத்தானை அழுத்தினால், துபாஷியைக் கொண்டு வந்து கொடு என்று கேட்கும். எதில் கொண்டு வர வேண்டும்? ப்ளாப்பியில்! ஸி.டி.யில் கொடுத்தால் ஏற்காது. ப்ளாப்பி வைக்கும் வாயே இல்லாத யந்திரத்தில் ப்ளாப்பியைக் கேட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் இதற்கு வேறு உபாயம் கண்டிருக்கிறார்கள். தட்டிலுள்ளவற்றை ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, என்லைட் போன்ற புரோகிராமினால் துபாஷியை அதற்குள்ளேயே செருகி, மறுபடி புதுத் தட்டாகப் பதிந்து கொள்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. பயாஸுக்குள் சென்று ஏஎச்ஸிஐ என்றிருந்ததை ஐடிஇ என்று மாற்றினோம். அதாவது, "கிழவரிடம் கொஞ்சம் பழைய பாஷையில் பேசு" என்று ஹார்ட் டிஸ்க்குக்கு உத்தரவிட்டோம். ஒரு மணி நேரத்தில் பச்சைப் புல்மேடும் நீல வானமுமாக எக்ஸ்பியின் பிரசித்தமான படம் திரையில் வந்து நின்றது.

எக்ஸ்பிக்கு மட்டுந்தான் இந்தக் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் 95-க்கு வந்த சோதனை இன்னும் விநோதமானது. ஏஎம்டி கம்பெனியின் கே6 வரிசையில் 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் வேகமுள்ள சிப்புகள் வந்தபோது, அது ஆரம்பத்திலேயே படுத்துவிட்டது. யந்திரத்தின் வேகத்தை அளப்பதற்காக ஒரு சிறு கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்ப்பது அதன் வழக்கம். புது சிப்பு அந்தக் கணக்கைக் கண் இமைக்குமுன் முடித்துவிட்டது. ஆன நேரம் பூஜ்யம் என்று விடை வந்தது. பூஜ்யத்தால் வகுக்கப் போய் விண்டோஸ் திகைத்து நின்றது. விண்டோஸ் 98-க்கு 512 மெகாபைட்டுக்கு மேல் ஞாபக சக்தி கொடுத்தால் செரிக்காது. விண்டோஸ் 7-இன் தட்டு புதிய யூஎஸ்பியை அறியாது. 2015-க்குப் பிந்திய போர்டுகள் பலவற்றில் அதைப் போட்டால் முதல் திரை வரையில் வந்துவிட்டு, "மேலே செல்லப் பொத்தானை அழுத்துக" என்னும். ஆனால் கீபோர்டும் மௌஸும் அசையா.

இனி ஒளித்தட்டுக்களின் கதைக்கு வருவோம். நமது காரியத்தில் பாதிக்கு மேற்பட்ட கவலை அதில்தான் இருந்தது.

கடையில் விற்கும் அசல் ஸி.டி.யில் குழிகள் அச்சாக வார்க்கப்பட்டவை. வீட்டில் பதிந்து கொள்ளும் ஸி.டி.யில் அப்படியல்ல, அதிலுள்ளது ஒரு சாயப் பூச்சு. லேசர் ஒளி அதைச் சுட்டுப் புள்ளிகளாக்குகிறது. சாயம் என்றால் வெளுக்கத்தானே செய்யும்? வெயிலும் வெக்கையும் ஈரமும் அதற்குச் சத்துருக்கள். சென்னையில் மூன்றுக்கும் குறைவில்லை. இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. தட்டின் பளபளப்பான அடிப்பக்கம் கீறிவிடக் கூடாதென்று எல்லோரும் ஜாக்கிரதையாயிருக்கிறார்கள். ஸி.டி.யின் சரக்கு இருப்பதோ மேல் பக்கத்தில், பெயர் எழுதுகிறோமே, அந்தப் பக்கத்தின் மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில்! கனம் 1.2 மில்லிமீட்டர், ஏறக்குறைய அவ்வளவும் கீழே காப்பாக நிற்க, மேலே காப்பு ஒன்றும் இல்லை. பால்பாயிண்டுப் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதினவர்கள் தங்கள் பைலின் மீதே உழுதிருக்கிறார்கள். டி.வி.டி.யில் சரக்கு இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்த ஆபத்துக் குறைவு.

நமது நண்பர் நல்ல வேளையாக மிருதுவான மார்க்கர்ப் பேனாவில்தான் எழுதியிருந்தார். 43 தட்டுகளில் 38 அன்றைக்கே படித்துவிட்டன. மற்ற ஐந்தையும் ஈரத் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தோம். வட்டமாகத் துடைத்தால், ஏற்படுகிற கீறல் பாதையின் வழியே ஓடிப் பெரும் சேதம் விளைவிக்கும். இரண்டு படித்தன. மிஞ்சிய மூன்றை வேறு ஸி.டி. டிரைவில் போட்டோம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிப்பது சகஜம்; லேசரும் லென்ஸும் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு புரோகிராம் உண்டு. படிக்க முடியாத இடத்தில் மல்லுக்கு நில்லாமல் அதைத் தாண்டிச் சென்று மற்றவற்றை முதலில் வாரிக் கொள்ளும். பிறகு திரும்பி வந்து விட்ட இடங்களைத் தடவிப் பார்க்கும். ஒரு டிரைவில் கிடைத்ததையும் இன்னொரு டிரைவில் கிடைத்ததையும் ஒட்டிச் சேர்க்கவும் அதற்குத் தெரியும். இரண்டு ராத்திரி அது உழைத்ததில் இன்னும் இரண்டு தட்டுகள் முழுமையாக மீண்டன. பாக்கி ஒன்று. அது எந்தத் தட்டு என்பதை நேயர்கள் ஊகித்திருப்பார்கள்.

படித்த தட்டுகளை எல்லாம் பைல் பைலாக எடுக்காமல், தட்டு முழுவதையும் ஒரே பிம்பமாக, ஐஎஸ்ஓ என்ற வடிவில் எடுத்து வைத்தோம். இனித் தட்டு உடைந்தாலும் அந்தப் பிம்பத்தைத் தட்டென்றே நம்பும்படி கம்ப்யூட்டரைச் செய்துவிடலாம். "புதிதாக ப்ளூ-ரே டிரைவ் ஒன்று வாங்கி அதில் பதிந்து வைக்கட்டுமா?" என்று நண்பர் கேட்டார். ஒரு தட்டில் 25 ஜிகாபைட் அடங்கும் என்பது மெய்தான். எக்ஸ்பியும் அந்த டிரைவில் ஸி.டி., டி.வி.டி.க்களைப் படித்துவிடும். ஆனால் ப்ளூ-ரே தட்டில் வழக்கமாகப் பைல்களை அடுக்கும் யூடிஎப் 2.5 முறை எக்ஸ்பிக்குத் தானாகத் தெரியாது. தனியே சொல்லிக் கொடுக்க வேண்டும். அது விஸ்டா கற்றுக்கொண்டு வந்த பாடம். இதுவன்றி, பதியும் ப்ளூ-ரே தட்டுகள் செய்வதை ஸோனி கம்பெனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகல் எடுத்து, ஒன்றை அச்சுக்கூடத்திலும் ஒன்றை வீட்டிலும் வைக்கும்படி சொன்னோம்.

நிற்க. 2009-ஆம் வருஷத்து யந்திரம் மட்டும் எத்தனை நாள் உயிரோடிருக்கும்? இதற்காக இன்னொரு ஏற்பாடும் செய்தோம். புது யந்திரத்துக்குள்ளேயே, வெறும் புரோகிராமினால், ஒரு பழைய யந்திரத்தை உண்டாக்கிவிடலாம். உண்மையில் அங்கே இரும்பும் இல்லை, கம்பியும் இல்லை, எல்லாம் மாயை. கியூஎமு என்னும் புரோகிராம் வழக்கமாகக் காட்டும் மாய மதர்போர்டு, 1996-இல் இண்டெல் வெளியிட்ட 440எப்எக்ஸ் என்பதன் சாயல். வர்ச்சுவல்பாக்ஸ் என்பதும் இந்த இனமே. எக்ஸ்பி கண் விழித்துப் பார்க்கிறது. தன் வாலிபத்தில் பழகிய உறுப்புக்களே சுற்றிலும் இருக்கின்றன. நிம்மதியாக வேலையைத் தொடங்கிவிடுகிறது. வெளியே உலகம் எத்தனை மாறினாலும் அதற்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த யந்திரம் முழுவதும் ஒரு பெரிய பைல்; நகல் எடுத்து வைத்துக் கொள்ளலாம்.

இதிலும் ஒரு முள் இருந்தது. தமிழ்ப் பெட்டகத்துக்கு ஒரு பூட்டு உண்டு. பிரிண்டர் செருகும் 25 ஊசித் துவாரத்தில் மாட்டும் சிறு கட்டை, டி.டி.பி. தொழிலில் அதற்கு டாங்கிள் என்று பெயர். அது இல்லாவிட்டால் தமிழில் டைப் செய்ய முடியாது. புது யந்திரத்தில் அந்தத் துவாரம் கிடையாது. யூஎஸ்பியிலிருந்து அதற்கு மாற்றும் கம்பி ஒன்று கடையில் கிடைக்கும். அது பிரிண்டருக்கு உதவுமே தவிர, பெரும்பாலும் டாங்கிளுக்கு உதவாது. ஆகவே, மாய யந்திரத்தில் பழைய பக்கங்களைப் பார்க்கலாம், பி.டி.எப். ஆக்கலாம், திருத்தம் செய்ய வேண்டுமானால் நமது 2009 யந்திரத்துக்குத்தான் வரவேண்டும். அதை அவருக்கே கொடுத்துவிட்டோம்.

இரண்டிலும் இண்டர்நெட் கம்பியை மாட்டக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினோம். 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியுடன் எக்ஸ்பிக்கு மைக்ரோஸாப்டின் பாதுகாப்பு முடிந்துவிட்டது. 2017 மே 12-ஆம் தேதி வன்னாக்ரை என்னும் தீய புரோகிராம் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் ஆஸ்பத்திரிகளையே ஸ்தம்பிக்கச் செய்தது. எக்ஸ்பியால் வந்த வினை என்று அப்போது எங்கும் பேச்சு. விழுந்தவற்றில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7 என்று பின்னால் தெரிந்தது. மார்ச்சு மாதமே வந்த மருந்தை அவற்றுக்குப் போடாமல் இருந்துவிட்டார்கள். இருந்தாலும் மைக்ரோஸாப்ட் இரக்கப்பட்டு எக்ஸ்பிக்கும் அப்போது ஒரு மருந்து கொடுத்தது. எப்போதும் கொடுக்கும் என்று நம்புவதற்கில்லை.

பிஸ்கோத்து டப்பாக்காரரைக் கண்டு சிரிக்கத் தோன்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கக் கடற்படை எக்ஸ்பியை விடமுடியாமல், அதைப் பராமரிப்பதற்காக 2015-இல் 91 லட்சம் டாலர் ஒப்பந்தம் செய்து கொண்டது. அதே வருஷம் நவம்பரில் பாரிஸ் நகரத்து ஓர்லி விமான நிலையத்தில் விமானங்கள் நின்றுபோனதற்குக் காரணமாயிருந்த யந்திரத்தில் ஓடியது விண்டோஸ் 3.1. நம் தேசத்திலோ பணம் கொடுக்கும் ஏ.டி.எம்.களிலிருந்து எக்ஸ்பியை 2019 ஜூனுக்குள் முழுதும் நீக்கிவிடும்படி ரிஸர்வ் பாங்கு 2018-இல் உத்தரவிட வேண்டியிருந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் வழக்கமான பாதுகாப்பு முடிந்துவிட்டபடியால், இனி இது அநேகமாக எல்லா வீடுகளின் கதையும் ஆகும். அலமாரியில் கல்யாண ஸி.டி. வைத்திருக்கிறவர்கள், அதைப் படிக்கும் டிரைவ் வீட்டில் இருக்கும்போதே நகல் எடுத்துக் கொள்வார்களாக.

அந்த ஒரு தட்டைப் பற்றிச் சொல்லவில்லையே! ஊர் வரலாற்றின் பதினான்கு அத்தியாயங்களில் பன்னிரண்டு முழுமையாகக் கிடைத்தன. ஏழாவதும் எட்டாவதும் கிடைக்கவில்லை. டப்பாவின் அடியிலிருந்த இன்னொரு தட்டில் இரண்டாவது புரூப் நிலையில் அவ்விரண்டும் இருந்தன. மூன்றாவது முறை அவர் செய்த திருத்தங்கள் மட்டும் அதில் இல்லை. அவருடைய மகள், கறையான் தொடாத பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை தோறும் அச்சுக்கூடத்துக்கு வந்து வரி வரியாக ஒப்பிட்டுச் சொல்லி வருகிறார். நண்பர் பழைய யந்திரத்தில் உட்கார்ந்து திருத்துகிறார். மற்ற அத்தியாயங்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலையும் நடக்கிறது. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியும் 'ள' என்னும் எழுத்தும் ஒரே உருவமாகையால், மாற்றும் புரோகிராம் 'கௌரவம்' என்பதைக் கொம்பும் 'ள'வுமாகப் பிரித்துப் போட்டுவிடுகிறது. அவற்றைக் கண்ணால்தான் பார்த்துத் திருத்த வேண்டும். சென்ற சனிக்கிழமை நாம் போயிருந்தபோது ஏழாவது அத்தியாயம் முடிந்து, எட்டாவதில் ஏரி மதகு கட்டின வருஷத்தைச் சரிபார்த்துக் கொண்டிருந்தார்கள்.